மருந்தடிச்சும் புழு சாகலையா? மறுநாளே மீண்டும் தெளிக்காதீங்க... காரணம் புழுவின் நரம்பில் இருக்கு!

மக்காச்சோளக் குருத்தில் மருந்தடித்த மறுநாள் காலை போய்ப் பார்த்தால், புழு உயிரோடு கிடக்கும். "மருந்து டூப்ளிகேட்டா?" என்ற சந்தேகம்தான் முதலில் வரும். உடனே கடைக்குப் போய் வேறு மருந்து, இன்னொரு டேங்க். கடலூர் மாவட்டம் கருவேப்பிலங்குறிச்சியோ, பக்கத்தில் பெரம்பலூரோ, படைப்புழு வந்த வயலில் நடக்கும் கதை இதுதான். ஆனால் அந்தப் புழு உண்மையில் தப்பிவிட்டதா?

எங்கிருந்து வந்தது?

அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த படைப்புழு, இந்தியாவில் முதன்முதலாக 2018 மே மாதம் கர்நாடகாவின் சிவமொக்காவில் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் தமிழ்நாட்டு மக்காச்சோள வயல்களிலும் பரவியது. இதன் தாய் அந்துப்பூச்சி காற்றோடு சேர்ந்து ஒரே இரவில் 100 கிலோமீட்டர் வரை பறக்கக்கூடியது.

ஒரு மூளை, பல முடிச்சு

மனிதனுக்கு முதுகுத்தண்டில் ஓடும் பெரிய நரம்பு, புழுவுக்கு வயிற்றுப் பக்கமாக ஓடுகிறது. உடலின் பெரும்பாலான வளையங்களில் அதற்கு ஒரு நரம்பு முடிச்சு உண்டு. தலையில் இருக்கும் மூளை கண், மோப்பம் போன்ற தகவல்களைக் கவனிக்கும். வாயை அசைக்க அதற்குக் கீழே தனி முடிச்சு. கால்களையும் வளையங்களையும் அசைப்பது அந்தந்த இடத்து முடிச்சு. புழு நகரும்போது வால் பக்கம் தொடங்கி தலைவரை அலை மாதிரி போவது இந்த முடிச்சுகள் ஒன்றுக்கொன்று சிக்னல் கொடுப்பதால்தான். தலை போன கரப்பான்பூச்சி சில நாட்கள் உயிரோடு இருப்பதற்கும் இந்த அமைப்பு ஒரு காரணம்.

மருந்து எங்கே அடிக்கிறது?

எமாமெக்டின் பென்சோயேட், நரம்பை அடக்கும் கதவுகளைத் திறந்தே வைத்துவிடும். சிக்னல் நின்று புழு தளர்ந்துபோகும். குளோரான்ட்ரனிலிபுரோல் தசைக்குள் இருக்கும் கால்சியத்தை வெளியேற்றும். தசை சுருங்கி, வாயை அசைக்க முடியாமல் போகும்.

இரண்டிலும் புழு சில மணி நேரத்திலேயே தின்பதை நிறுத்திவிடும். முழுசாகச் சாக 2 முதல் 4 நாட்கள் ஆகலாம். எனவே மறுநாள் பார்க்க வேண்டியது புழு சாகிறதா என்பதை அல்ல. குருத்தில் புதிய எச்சம், புதிய கடி இருக்கிறதா என்பதைத்தான். இல்லை என்றால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். அடுத்த டேங்க் வீண் செலவு.

இன்னொரு விஷயம், ஒரே வகை மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால், அதைத் தாங்கும் புழுக்கள் மட்டும் பிழைத்துப் பெருகும். கடையில் பெயர் மாற்றி வாங்கினால் போதாது. வேலை செய்யும் விதமே வேறாக இருக்க வேண்டும்.

தெளிப்பவருக்கு என்ன ஆபத்து?

குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோ பாஸ்பேட் மருந்துகள் வேறு இடத்தில் தாக்குகின்றன. நரம்பு சிக்னலை முடித்துவைக்கும் நொதியை முடக்குகின்றன. சிக்கல் என்னவென்றால், அதே நொதி மனித நரம்பிலும் இருக்கிறது. அதனால்தான் உமிழ்நீர் வடிதல், அதிக வியர்வை, கண் பாவை சுருங்குதல், தசை துடிப்பு, மூச்சுத் திணறல் எல்லாம் வருகின்றன.

2017-ல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தபோது நச்சு தாக்கி 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு பெரம்பலூர் மாவட்டத்திலும் உயிரிழப்புகள் நடந்தன. எந்த மருந்தானாலும் கையுறை, முகக்கவசம், முழுக்கை சட்டை கட்டாயம். காற்றுக்கு எதிரே நின்று அடிக்கக் கூடாது. டப்பாவில் சிவப்பு முக்கோணம் இருந்தால் மிகக் கடுமையான விஷம்; மஞ்சள், நீலம், பச்சை என வீரியம் குறையும். அறிகுறி தெரிந்தால் உடனே 108-ஐ அழைத்து, மருந்து டப்பாவையும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

தேனீக்கும் அதே நரம்புதான்

தேனீ சூரியனை வைத்துத் திசையையும், பறக்கும்போது கண்முன் நகரும் காட்சியை வைத்துத் தூரத்தையும் கணக்கிட்டுக் கூடு திரும்பும். இமிடாகுளோபிரிட் வகை மருந்துகள் சாகடிக்காத அளவில் பட்டாலும் இந்தக் கணக்கு குழம்பும். ஐரோப்பிய ஒன்றியம் இந்த வகையில் 3 மருந்துகளைத் திறந்த வயலில் பயன்படுத்த 2018-ல் தடை விதித்தது. விருத்தாசலம் பக்கம் முந்திரி காய்ப்பதும் பூச்சிகள் கொண்டுவரும் மகரந்தத்தால்தான். பூக்கும் நேரத்தில், பூச்சி நடமாட்டம் உள்ள பகலில் தெளிப்பதைத் தவிர்ப்பது நல்லது.

விஷமில்லாத வழி

ஆண் அந்துப்பூச்சி, பெண் பூச்சியின் வாசனையை உணர்கொம்பால் பிடித்து, காற்றை எதிர்த்துப் பறந்து தேடிவரும். வாசனை விட்டுப்போனால் இடம் வலமாக அலைந்து மீண்டும் பிடிக்கும். இதே குணத்தை வைத்துத்தான் இனக்கவர்ச்சிப் பொறி அவர்களை வலைக்குள் இழுக்கிறது. பொறியில் பூச்சி விழ ஆரம்பித்தால் வயலைக் கவனிக்கும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். முட்டைக் குவியலைக் கையால் நசுக்கினால், அந்த அளவுக்கு மருந்துத் தேவையும் குறையும்.