அப்பா, நான், எட்டு மில்லிமீட்டர்!

‘‘ஏன்டா, அந்த ஊர்ல தயிர் கிடைக்குமா?’’

ஸ்பெயினுக்கு விசா வந்துவிட்டது என்று நான் மூச்சிரைக்க வந்து சொன்னபோது அப்பா கேட்ட ஒரே கேள்வி இதுதான்.

நண்பர்கள் ஏற்கெனவே எச்சரித்திருந்தார்கள். ‘‘அவனவன் ஹனிமூன் போற ஊருக்கு நீ அப்பாவைக் கூட்டிட்டுப் போறியே... உருப்படுவியா?’’ நான் கேட்கவில்லை. காரணம் இருந்தது.

அப்பா ரயில்வேயில் பி.டபிள்யூ.ஐ.யாக இருந்து ரிடையர் ஆனவர். தண்டவாளம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கிற உத்தியோகம். விழுப்புரம் பக்கம் 38 வருஷம், டிராலியில் பாதி, நடந்து பாதி. குடும்பத்தோடு இந்தியா பூரா சுற்ற பாஸ் கொடுத்தார்கள். அவர் போனதோ திருப்பதி, திருச்செந்தூர், ஒரே ஒரு தடவை காசி. ‘லீவு கிடைக்கலைடா’ என்பார். நான் பி.காம். வரவு செலவு போட்டுப் பார்த்ததில், என் பக்கம் பாக்கி ஏகத்துக்கு நின்றது. ஒன்பது நாள், நாலு ஊர் என்று பிளான் போட்டுவிட்டேன்.

ஷெங்கன் விசா வேண்டுமென்றால் 30 ஆயிரம் யூரோவுக்குக் குறையாமல் மருத்துவ இன்ஷூரன்ஸ் எடுத்தாக வேண்டும். அப்பா அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார்.

‘‘இந்த உடம்புக்கா? ஏமாத்தறாங்கடா!’’

மாட்ரிட்டில் இறங்கியதும் நான் அழைத்துப்போனது அடோச்சா ரயில் நிலையம். பழைய ஸ்டேஷன் கொட்டகையை 1992-ல் அப்படியே தோட்டமாக மாற்றிவிட்டார்கள். உள்ளே ஆளுயரத்துக்கு மேல் பனை வகைகள், பெரிய பெரிய இலைச் செடிகள். ‘பாருங்கப்பா!’ என்றேன். ‘‘விழுப்புரத்துல பாக்காத பனையா?’’ என்று சொல்லிவிட்டு, விறுவிறுவென்று புறநகர் ரயில் நிற்கிற பிளாட்ஃபாரத்துக்குப் போய்விட்டார். கீழே உற்றுப் பார்த்தார். முகம் பளிச்சென்று ஆனது.

‘‘டேய்... இது நம்ம பிராட் கேஜ்டா!’’

செல்போனில் தேடிப் பார்த்தேன். கிட்டத்தட்ட சரி. நம்ம பிராட் கேஜ் 1,676 மில்லிமீட்டர். ஸ்பெயினின் பழைய பாதை 1,668. ‘‘எட்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம்!’’ என்று சொந்தக்காரரைக் கண்டுபிடித்த மாதிரி சந்தோஷப்பட்டார். ஐரோப்பாவில் பெரும்பாலும் 1,435 தான். ஸ்பெயின்காரர்கள் 1840-களில், மலைப் பிரதேசத்துக்குப் பெரிய பாய்லர் வைத்த இன்ஜின் வேண்டுமென்று அகலப் பாதை போட்டார்கள். 1992-ல் மாட்ரிட்-செவில் அதிவேக ரயில் விட்டபோது மட்டும் மற்ற நாடுகளைப் போல 1,435-க்கு வந்துவிட்டார்கள். ஆக, ஒரே நாட்டில் இரண்டு கேஜ்.

ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே ரெய்னா சோஃபியா மியூசியம். அங்கே பிக்காஸோவின் ‘கெர்னிகா’. உலகமே வாய் பிளந்து பார்க்கிற ஓவியம். அப்பா அதன் முன்னால் நின்றது மூன்று நிமிஷம். தண்டவாளத்தின் முன்னால் நின்றது இருபது நிமிஷம்.

சாப்பாடுதான் பெரிய போராட்டம். ‘வெஜிடல்’ என்று போர்டு போட்ட சாண்ட்விச்சை நம்பி வாங்கினேன். பிரித்தால் உள்ளே டூனா மீனும் முட்டையும்! காய்கறியும் இருக்கிறதாம், அதனால் வெஜிடலாம். தக்காளி சூப் கேட்டால் ஜில்லென்று வந்தது. கஸ்பாச்சோ என்று பேர். ‘‘ஆறிப்போச்சுன்னு சொல்லி சூடு பண்ணித் தரச் சொல்லுடா’’ என்றார். சுர்ரோஸ் என்ற பலகாரத்தைக் கெட்டிச் சாக்லெட்டில் தோய்த்துச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்துவிட்டு, ‘‘முறுக்கை எதுக்குடா பாயசத்துல முக்கறான்?’’

ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒன்பது மணிக்கு முன்னால் ஓட்டலில் அடுப்பே பற்ற வைப்பதில்லை. ஜூன் மாசம், ஒன்பதரைக்கும் வெளிச்சம். ‘‘வெயில் அடிக்கறப்போ ராச்சாப்பாடு எப்படிடா இறங்கும்?’’ ஆனால் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் பல கடைகள் ஷட்டரை இறக்கியதைப் பார்த்ததும் மனசு குளிர்ந்துவிட்டது. ‘‘இவங்க நம்மாளுங்கடா’’ என்று ரூமுக்குப் போய்ப் படுத்துவிட்டார். என் பிளானில் அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஒரு அரண்மனை இருந்தது. பற்களைக் கடித்துக்கொண்டேன்.

கோர்டோபாவில் நிலைமை சீரானது. 8-ம் நூற்றாண்டில் மசூதியாகக் கட்ட ஆரம்பித்து, 1236-ல் தேவாலயமாக மாறிய மெஸ்கீட்டா. உள்ளே 856 தூண்கள், தலைக்கு மேல் சிவப்பும் வெள்ளையுமாக இரட்டை வளைவுகள். நான் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, அப்பா ஒரு தூணருகே குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வரிசையைப் பார்த்தார். தண்டவாளம் நேராக ஓடுகிறதா என்று அப்படித்தான் பார்ப்பாராம்.

‘‘அலைன்மென்ட் பிரமாதம்டா. கட்டினவன் தூங்காம வேலை பாத்திருக்கான்!’’

அன்றைக்கு ராத்திரி கத்தரிக்காயை மெல்லிசாக நறுக்கிப் பொரித்து, மேலே வெல்லப்பாகு மாதிரி ஊற்றிக் கொடுத்தார்கள். இரண்டு பிளேட் சாப்பிட்டார். வெற்றி என்று நினைத்தேன். கிரனடா காத்திருந்தது.

அல்ஹம்ப்ராவில் நஸ்ரித் அரண்மனைகளுக்கு டிக்கெட் எடுத்தால் மட்டும் போதாது. டிக்கெட்டில் போட்ட நேரத்துக்குள் நுழைய வேண்டும். தவறினால் அவ்வளவுதான். பாஸ்போர்ட்டும் காட்ட வேண்டும். நான் மாசக்கணக்கில் முன்னாடியே புக் செய்தது. கீழேயிருந்து மேலே போக மினி பஸ் உண்டு. ‘பஸ்ஸுக்கு எதுக்கு வெயிட் பண்ணணும்... நடந்தே போயிடலாம்ப்பா’ என்றது நான்தான்.

மாதுளம்பழ வாசலைத் தாண்டி மரங்களுக்கு நடுவே செங்குத்தான ஏற்றம். பாதி வழியில் அப்பா ஒரு கல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். முட்டியைப் பிடித்துக்கொண்டார். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம்... நான் வாட்சைப் பார்த்தேன். அப்புறம் வெடித்தேன்.

‘‘வீட்லயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதானே? இதுக்கா இவ்வளவு செலவு பண்ணிக் கூட்டிட்டு வந்தேன்?’’

அப்பா நிமிர்ந்து பார்த்தார். ஒன்றுமே சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ‘‘நீ போயிட்டு வாடா. டிக்கெட் வீணாயிடும்’’ என்றார்.

போனேன். அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

பன்னிரண்டு கல் சிங்கங்கள் தாங்குகிற நீரூற்று, தேன்கூடு மாதிரி செதுக்கிய கூரை... எல்லாவற்றையும் பார்த்தேன். போட்டோவும் எடுத்தேன். மனசு மட்டும் அந்தக் கல் பெஞ்சிலேயே இருந்தது. 38 வருஷம் தண்டவாளத்துச் சல்லிக்கல் மேல் நடந்து நடந்து தேய்ந்த முட்டி அது. எனக்கு பி.காம். ஃபீஸ் கட்டிய முட்டி!

இறங்கி ஓடி வந்தேன். பெஞ்ச் காலி.

அவர் பாஸ்போர்ட் என் பையில். அவர் போனில் அந்த ஊர் சிம் கிடையாது. தெரிந்த பாஷை தமிழும் ரயில்வே இங்கிலீஷும். எதிரே வந்தவர்களிடமெல்லாம் சைகையில் கேட்டேன். சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. கடைசியில், ஒரு திருப்பத்தில், நீரூற்றுப் பக்கம் அப்பா! கூடவே கைத்தடியோடு ஒரு ஸ்பானிஷ் பெரியவர். இருவரும் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, ஒருவர் முட்டியை மற்றவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் இளைத்ததைப் பார்த்து அந்தப் பெரியவர், ‘‘ட்ராங்கீலோ... ட்ராங்கீலோ’’ என்றார். ‘பதறாதே தம்பி’ என்று அர்த்தம்.

‘‘எந்த பாஷைலப்பா பேசினீங்க?’’

‘‘முட்டி வலிக்கு பாஷை வேணுமாடா?’’

கிரனடாவில் ஒரு கதை சொல்கிறார்கள். 1492 ஜனவரி 2-ம் தேதி கோட்டையை ஒப்படைத்துவிட்டுப் போன கடைசி சுல்தான் போப்தில், ஒரு மேட்டில் நின்று திரும்பிப் பார்த்து அழுதானாம். கூட வந்த அம்மா, வீரமாகக் காப்பாற்றத் தெரியாதவனுக்கு அழுகை ஒரு கேடா என்கிற மாதிரி விளாசிவிட்டாளாம். கொடுத்து வைத்தவன். என்னை அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லையே! ராத்திரி வலி தைலம் தேய்த்துவிட்டபோது ‘ஸாரிப்பா’ என்றேன். ‘‘இடது பக்கம் இன்னும் கொஞ்சம் அழுத்து’’ என்றார்.

மறுநாள் பார்சிலோனாவை கேன்சல் செய்தேன். ஓட்டல் அட்வான்ஸ், தேவாலய டிக்கெட் எல்லாம் போச்சு. நஷ்டக் கணக்கில் எழுதிவிட்டு, கோர்டோபாவுக்கே திரும்பி வந்து, காடிஸ் போகிற ரயிலில் ஏறினோம். அந்த ரயில் புதிய பாதையில் கிளம்பி, செவிலுக்குச் சற்று முன்னால் பழைய பாதைக்கு மாறுகிறது. ஒரு சின்னக் கொட்டகைக்குள் நுழைந்து போகும்போது, ஓடுகிற ஓட்டத்திலேயே சக்கரங்கள் தள்ளி உட்கார்ந்துகொள்கின்றன. 1,435-லிருந்து 1,668.

வேகம் குறைந்தது. நடந்தே கூட முந்திவிடலாம் போல ஊர்ந்தது. அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கையை ஜன்னலோரம் அழுத்தி வைத்திருந்தார். லேசாக ஒரு சத்தம். அவ்வளவுதான்.

‘‘மாறிடுச்சுடா! நாங்க வருஷக்கணக்கா வெயில்ல நின்னு மாத்தின கேஜை, இவன் ரெண்டு நிமிஷத்துல மாத்திட்டான்!’’ கண் கலங்கியிருந்தது. ‘‘ஆனா பாத்தியா, மாறணும்னா மெதுவாத்தான் போகணும்.’’

அவர் ரயிலைத்தான் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

திரும்பி வரும்போது விமானத்தில் அப்பா மெல்லக் கேட்டார்: ‘‘அந்த அரண்மனைல நிஜமா என்னதான்டா இருந்தது?’’

நேரம் நிறைய இருந்தது. சாவகாசமாக ஆரம்பித்தேன். தண்ணீர், கூரை, எழுத்துக்கள், பன்னிரண்டு சிங்கங்கள்... ஒவ்வொரு சிங்கமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஆறாவது சிங்கத்தில் குறட்டை கேட்டது!