பத்து கிலோ குறையணுங்க

கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் காலை ஆறு மணிக்கு வியர்த்து நடப்பவர்களிடம் எத்தனை கிலோ குறைக்க வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். பத்து, பதினைந்து, இருபது என்று எண் தயாராக வரும். அந்த எண்ணை யார் சொன்னார்கள் என்று கேட்டால்தான் தயக்கம் வரும். பெரும்பாலும் அதைச் சொன்னது கல்யாண ஆல்பமாக இருக்கும். அல்லது தைத்து இரண்டு வருடமாகியும் கை நுழையாத பட்டு ரவிக்கை. அல்லது மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்கும் பெரியம்மா: “என்ன அம்மிணி, ஒடம்பு போட்டுட்டயாட்ட இருக்குது?”

இந்த ஆசை எண்ணையும் ஆராய்ச்சியாளர்கள் அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1997இல் கேரி ஃபாஸ்டரும் தாமஸ் வாடனும் சிகிச்சைக்கு வந்த 60 பெண்களிடம் விசித்திரமான கேள்விகளைக் கேட்டார்கள். உங்கள் கனவு எடை எது? எதை அடைந்தால் மகிழ்ச்சி? எது பரவாயில்லை ரகம்? எதோடு நின்றுவிட்டால் ஏமாற்றம்? அந்தப் பெண்களின் சராசரி எடை 99 கிலோ. அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கைக் குறைப்பதே அவர்கள் வைத்திருந்த இலக்கு. 17 சதவீதம் மட்டும் குறைந்தால் அது ஏமாற்றம் என்றார்கள்.

48 வாரச் சிகிச்சை முடிவில் சராசரியாக 16 கிலோ குறைந்திருந்தது. எந்த மருத்துவரும் மெச்சக்கூடிய பலன் அது. ஆனால் அவர்களில் 47 சதவீதத்தினர் தாங்களே வகுத்த அந்த ஏமாற்ற எடையைக்கூட எட்டவில்லை. பதினாறு கிலோவை இறக்கி வைத்துவிட்டுத் தோற்றுப்போனதாக எண்ணியவர்களும் அதில் இருந்திருப்பார்கள்.

அந்த மூன்றில் ஒரு பங்கு ஏன் இறங்குவதில்லை? நாக்கைக் கட்ட முடியாததுதான் காரணம் என்பது ஊர்த் தீர்ப்பு. உடலின் கணக்கு வேறு. நம் கொழுப்புத் திசு சும்மா கிடக்கும் சதை அல்ல. இருப்பு எவ்வளவு என்று மூளைக்கு ஓயாமல் தகவல் அனுப்பும் உறுப்பு. அந்தத் தகவலைச் சுமக்கும் லெப்டின் என்ற ஹார்மோனை 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் கண்டுபிடித்தார்கள். கொழுப்பு கரையக் கரைய லெப்டினும் இறங்குகிறது. டயட் இருப்பதற்கும் 1876இல் கொங்கு மண்ணை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்துக்கும் மூளைக்கு வித்தியாசம் தெரியாது. உடனே பசியைக் கூட்டுகிறது, செலவைச் சுருக்குகிறது. பத்து சதவீத எடையை இழந்தவர்களின் உடல், அந்தப் புதிய எடைக்குச் செலவாக வேண்டிய கலோரியைவிடவும் குறைவாகவே செலவழிப்பதை ருடால்ஃப் லீபல் 1995இல் அளந்து காட்டினார். சரி, சில மாதங்களில் உடல் பழகிவிடாதா? 2011இல் வெளியான மெல்போர்ன் ஆய்வு அந்த நம்பிக்கையையும் கெடுத்தது. பத்து வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டுக்குப் பிறகு ஓராண்டு கடந்தும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

தனி ஆளின் மன உறுதியைக் குறை சொல்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் கூடுதல் எடை அல்லது உடற்பருமன் உள்ளவர்கள் 2015-16இல் 30.9 சதவீதம், 2019-21இல் 40.4 சதவீதம். ஐந்தே ஆண்டில் பத்துப் பெண்களில் ஒருவருக்கு மன உறுதி புதிதாகக் கெட்டுப்போயிற்று என்று யாராவது நம்புவார்களா? மாறியது வாழ்க்கை. கிணற்றில் கவலை இறைத்த ஊருக்கு பம்ப்செட் செய்து கொடுத்ததும், ஆட்டுக்கல்லுக்கு விடை கொடுத்து 1955 முதல் வெட் கிரைண்டர் செய்ததும் இதே கோயமுத்தூர்தான். அந்த உழைப்பு போனது நல்லதே. மறுபடி ஆட்டுக்கல்லில் உட்காரச் சொல்பவர் முதலில் தாமே உட்காரட்டும். ஆனால் உழைப்பு போனதற்கு ஏற்பத் தட்டு சுருங்கவில்லை. கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று நம்மூரில் சொல்வார்கள். கொள்ளுப் பருப்பு அருமையான உணவு, புரதமும் நார்ச்சத்தும் உண்டு. தின்ற கொழுப்பை அது உருக்கிவிடாது.

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்டது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பிரிவினரை உணவைத் திருத்தி தினமும் அரைமணி நேரமாவது நடக்கச் சொன்னார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் மூன்றாண்டில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடந்தவர்களில் 39 சதவீதம்தான். அவர்கள் எத்தனை கிலோ குறைந்தார்கள்? குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை! எடை மெஷினில் முள் அசையாத அந்த மூன்றாண்டில், உடம்புக்குள் பெரிய வேலை நடந்திருக்கிறது. முள்ளை மட்டும் நம்பியவர் முதல் மாதமே நடையை விட்டிருப்பார். இத்தாலியில் 2005இல் வெளிவந்த ஆய்வொன்றில் அதிகம் குறையும் என்று எதிர்பார்த்து வந்தவர்களே சிகிச்சையை அதிகம் பாதியில் விட்டிருந்தார்கள்.

கண்ணாடியின் தீர்ப்பும் நம்பத்தக்கதல்ல. புணே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004இல் தங்களையே அளந்து வெளியிட்டார்கள். உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் பிஎம்ஐ இருவருக்கும் அச்சாக 22.3. உடல் கொழுப்பு வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. தன் உடம்பைப் பார்த்து நொந்துகொள்ளும் பருமனானவரைவிட, ஒல்லியென்று நிம்மதியாக இருக்கும் சிறுதொப்பைக்காரருக்கு ஆபத்து கூடுதலாக இருக்கக்கூடும்.

மூன்றில் ஒரு பங்கு எடை இழப்பை நெருங்க இன்று நிஜமாக உள்ள வழி அறுவை சிகிச்சை. கோவை ராமநாதபுரத்தின் ஜெம் மருத்துவமனை போன்ற இடங்களில் லேப்ராஸ்கோப்பி வழியாகவே செய்கிறார்கள். இரைப்பையை வெட்டிக் குறுக்கும் ஸ்லீவ் முறையில் பசி ஹார்மோனான கிரெலினை அதிகம் சுரக்கும் இரைப்பையின் மேற்பகுதியும் சேர்ந்து போவதால், பசியே மட்டுப்படுகிறது. செமாக்ளூடைட் ஊசி 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதத்தைக் குறைத்தது. நிறுத்தியவர்களுக்கு ஓராண்டில் அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. தேவைப்படுவோர் இவற்றை நாடுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் ஆல்பத்து எடைக்காக நாட வேண்டாம்.

எண்பது கிலோ உள்ளவருக்கு ஐந்து சதவீதம் என்றால் நான்கு கிலோ. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கத் தொடங்க அதுவே போதும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது எடையோடு இடுப்பளவையும் எடுக்கச் சொல்லுங்கள். இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பதுதான் எச்சரிக்கைக் கோடு.