ஊழியர் 'பேப்பர் போட்டால்' கம்பெனிக்கு என்ன நஷ்டம்? லாபக் கணக்கு சொல்வது என்ன?

2022-ல் ஐடி துறையில் அதிகம் கேட்ட வார்த்தை, "பேப்பர் போட்டுட்டேன்". அந்த ஆண்டு ஜூனில் முடிந்த காலாண்டில் இன்ஃபோசிஸ் அறிவித்த அட்ரிஷன் விகிதம் 28.4%. அதாவது 12 மாதங்களில் தாங்களாகவே வேலையை விட்டவர்கள், மொத்த ஊழியர்களில் கால் பங்கைத் தாண்டிவிட்டார்கள். அதே காலாண்டில் அந்த நிறுவனத்தின் செயல்பாட்டு லாப விகிதம் 20.1%. ஒரு வருடம் முன்பு அது 23.7%.

ஒருவர் கிளம்பினால் அவர் சம்பளம் மிச்சம்தானே என்று தோன்றலாம். ஆனால் கிளையன்ட்டின் வேலை நிற்காது. உடனடியாக ஒப்பந்த ஊழியரைக் கூடுதல் விலைக்கு எடுக்க வேண்டும். பிறகு நிரந்தரமாக வேறொருவரை மார்க்கெட் ரேட்டில் எடுக்க வேண்டும், அது போனவர் வாங்கியதைவிட அதிகம். அவர் வேலையைப் புரிந்துகொள்ள சில மாதங்கள் ஆகும். அதுவரை டீமில் மிச்சமிருப்பவர்கள் இரண்டு பேர் வேலையைப் பார்ப்பார்கள். அவர்களில் ஒருவர் அடுத்த பேப்பரைப் போடுவார்.

வேடிக்கை என்னவென்றால், போனவர் கேட்ட ஹைக் இந்தச் செலவைவிடக் குறைவாகவே இருந்திருக்கும். "பட்ஜெட் இல்லை" என்று சொன்ன அதே கம்பெனியில், புதியவருக்கு மட்டும் பட்ஜெட் எங்கிருந்து வருகிறது? ஹைக் சம்பளக் கணக்கில் பளிச்சென்று தெரியும். ஆள் போன செலவோ ஒப்பந்த ஊழியர், ஆள்தேர்வு, பயிற்சி என்று பல தலைப்புகளில் சிதறிவிடும். யார் கண்ணையும் உறுத்தாது.

லாப விகிதம் குறைந்ததற்கு அட்ரிஷன் மட்டுமே காரணமா? இல்லை. அப்போது கொடுத்த சம்பள உயர்வும் அதில் இருக்கிறது. 2023 டிசம்பர் காலாண்டில் இன்ஃபோசிஸின் அட்ரிஷன் 12.9% ஆக இறங்கியது. லாப விகிதம் 20.5%தான். ஊழியர்கள் திடீரென்று மகிழ்ச்சியாகிவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. வெளியே வேலை இல்லை, அவ்வளவுதான்! ஆள் போகாமல் இருப்பதும் திருப்தியாக இருப்பதும் ஒன்றல்ல.

அப்படியென்றால் நன்றாக நடத்துவதற்கும் லாபத்துக்கும் தொடர்பு உண்டா? லண்டன் பிசினஸ் ஸ்கூல் பேராசிரியர் அலெக்ஸ் எட்மன்ஸ் இதைப் பங்குச் சந்தையை வைத்துப் பார்த்தார். 'வேலை செய்யச் சிறந்த 100 நிறுவனங்கள்' என்ற அமெரிக்கப் பட்டியலை எடுத்துக்கொண்டார். அதில் இருந்த நிறுவனங்களின் பங்குகள் 28 ஆண்டுகளில், சக நிறுவனங்களைவிட ஆண்டுக்கு 2.3% முதல் 3.8% வரை அதிக வருமானம் தந்திருந்தன.

லாபம் வருவதால்தான் நன்றாக நடத்துகிறார்களோ? நியாயமான சந்தேகம். ஆனால் ஏற்கெனவே தெரிந்த லாபம் பங்கு விலையில் அப்போதே ஏறியிருக்கும். பட்டியல் வெளியான பிறகும் விலை கூடியது என்றால், இதன் மதிப்பைச் சந்தை தாமதமாகத்தான் உணர்கிறது. கணக்கியல் முறையும் அப்படித்தான்: கட்டடம் கட்டினால் அது சொத்து, ஊழியருக்குப் பயிற்சி கொடுத்தால் அது அந்த வருடச் செலவு.

இந்தியாவில் இதை நீங்களே கொஞ்சம் பார்க்கலாம். சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்கள் பிஆர்எஸ்ஆர் என்ற அறிக்கையை வெளியிட வேண்டும் என்பது 2022-23 முதல் செபியின் கட்டாய விதி. நிரந்தர ஊழியர்களில் எத்தனை சதவீதம் பேர் வெளியேறினார்கள் என்பது, ஆண், பெண் தனித்தனியாக, மூன்று ஆண்டுகளுக்கு அதில் இருக்கும். அடுத்த ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன் அந்த அட்டவணையைத் தேடிப் பாருங்கள்.