ஒலியை நிறுக்கும் தராசு

முழங்கால் வலி, தோள்பட்டைப் பிடிப்பு என்று பிசியோதெரபிக்குப் போனவர்களுக்குப் பழகிய காட்சி இது. வலிக்கும் இடத்தில் ஜெல்லைத் தடவி, அதன் மேல் சின்ன உலோகத் தலையை வட்டவட்டமாகத் தேய்ப்பார்கள். திரையில் ‘சதுர சென்டிமீட்டருக்கு 1 வாட்’ என்று இருக்கும். சத்தம் காதில் விழாது. அந்த 1 வாட் உண்மையிலேயே வருகிறதா என்பது நோயாளிக்கும் தெரியாது, தேய்ப்பவருக்கும் தெரியாது.

1992இல் ஸ்காட்லாந்தின் லோத்தியன் பகுதியில், பயன்பாட்டில் இருந்த இத்தகைய 85 அல்ட்ராசவுண்ட் கருவிகளை அளந்து பார்த்தார்கள். 69 சதவீதக் கருவிகளில், வரவேண்டிய திறனுக்கும் வந்த திறனுக்கும் 30 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம்! அமெரிக்க விதிமுறை அனுமதிப்பதோ 20 சதவீதம்தான். இந்தச் சிகிச்சையால் பலன் உண்டா என்பதிலேயே ஆய்வாளர்களுக்குள் வழக்கு தீரவில்லை. கருவியை அளக்காமல் நடத்திய சோதனைகளை அந்த வழக்கில் எந்தப் பக்கம் சாட்சியாகச் சேர்ப்பது?

திரையில் தெரிவது பெரும்பாலும் நாம் கேட்ட அளவு. ஒலியை எழுப்புவது தலைக்குள் இருக்கும் பீங்கான் வில்லை. நொடிக்கு 10 லட்சம் அல்லது 30 லட்சம் முறை அதிரும். தலை ஒருமுறை கைதவறி விழுந்து வில்லையில் விரிசல் கண்டாலோ, ஒட்டுப்பசை விட்டுப்போனாலோ, திரைக்கு அது தெரியாது. அளவு குறைந்தால் சிகிச்சை வீண்; கூடினால் எலும்பை ஒட்டிய திசு சுட்டு வலிக்கும்.

கேட்காத ஒலியை எப்படி அளப்பது? எடை போட்டுத்தான். ஒலி எதன் மீது பட்டாலும் அதை லேசாகத் தள்ளும். தண்ணீர்த் தொட்டிக்குள் ஒலியை உறிஞ்சும் ரப்பர் இலக்கு ஒன்றைத் துல்லியத் தராசில் தொங்கவிட்டு, மேலிருந்து தலையை நீரில் முக்கி இயக்குவார்கள். தள்ளுவிசை என்பது ஒலியின் திறனை நீரில் அதன் வேகத்தால் வகுத்தால் வருவது. நீரில் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 1,480 மீட்டர் என்பதால், 1 வாட்டுக்கு ஏறத்தாழ 69 மில்லிகிராம் எடை கூடும். 5 வாட் என்றால் 345 மில்லிகிராம். பத்துப் பதினைந்து அரிசி மணிகளின் கனம். மின்விசிறிக் காற்றுகூட கணக்கைக் கெடுத்துவிடும்.

குழாய்த் தண்ணீரும் ஆகாது. அதில் கரைந்திருக்கும் காற்று குமிழிகளாகி இலக்கில் ஒட்டிக்கொண்டு ஒலியைத் திருப்பி அடிக்கும். கொதிக்கவைத்து, கலக்காமல் ஆறவைத்த நீர் வேண்டும்.

மொத்தத் திறன் சரியாக இருந்தாலும் சோதனை முடிந்துவிடாது. தலையின் முகப்பு முழுவதும் ஒரே சீராக ஒலி வராது. ஒலிக்கற்றையின் உச்சம் சராசரியைப் போல் 8 மடங்கு வரை போகலாம் என்கிறது சர்வதேசத் தரநிலை. தலையை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருப்பது அதனால்தான். இந்த உச்சத்தைத் தராசு காட்டாது. ஊசிமுனை போன்ற ஹைட்ரோஃபோன் என்ற நீரடி ஒலிவாங்கியை நீரில் புள்ளி புள்ளியாக நகர்த்தி அளக்க வேண்டும். சில இடங்களில் தலை மீது நீர்த்துளி விட்டுத் துள்ளுகிறதா என்று பார்ப்பார்கள். கருவி செத்துவிட்டதா என்பதை மட்டும் அது சொல்லும்.