பானைக்குப் பிரிமணை... குழாய்க்கு?



பாட்டி வீட்டில் மண்பானை பார்த்திருக்கிறீர்களா? அதன் அடி உருண்டையாக இருக்கும். வெறும் தரையில் வைத்தால் ஆடும். அதனால்தான் வைக்கோல் பிரிமணை மேல் உட்கார வைப்பார்கள். பானையின் பாரம் ஒரே இடத்தில் விழாமல் சுற்றிலும் பரவிவிடும்.

சாலைக்கு அடியில் மழைநீர் போகப் புதைக்கிறார்களே சிமென்ட் குழாய், அதற்கும் ஒரு பிரிமணை வேண்டும்!

நான் வேலை பார்த்த ஒரு கிராமம் கரிசல் பூமி. அங்கே ஒரு குழாய்ப் பாலத்தை வெறும் கரிசல் மேலேயே வைத்து மூடிவிட்டார்கள். கரிசல் மண் மழையில் உப்பும். கோடையில் சுருங்கி வெடிக்கும். இரண்டே வருடத்தில் குழாய்கள் ஏறி இறங்கி, இணைப்புகள் வாய் பிளந்தன. அந்த இடைவெளி வழியே தண்ணீர் மண்ணை அரித்தது. ஓர் ஐப்பசி மழையில் சாலை உள்வாங்கியது. பேருந்து நின்றுபோனது. பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் நடந்து பள்ளிக்கு வந்தார்கள். குழாயில் குறை இல்லை, அடியில்தான் குறை!

அப்படியானால் அடியில் என்ன போடுவது? முதலில் மண்ணைப் பார்க்க வேண்டும்.

கரிசலா? அதைத் தோண்டி அப்புறப்படுத்திவிட்டு, மணலும் சரளையும் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசு போட்டு இறுக்க வேண்டும்.

பாறையா? 'பாறை உறுதியானதுதானே, அப்படியே வைக்கலாமே' என்று தோன்றும். கூடாது! ஒரே ஒரு கல் மேல் முழங்காலை ஊன்றிப் பாருங்கள், வலிக்கும். மணல் மேல் ஊன்றினால் வலிக்காது. குழாய்க்கும் அப்படித்தான். பாறையைக் குறைந்தது 20 செ.மீ. ஆழம் வெட்டியெடுத்து, கல் இல்லாத மண்ணை நிரப்பி இறுக்க வேண்டும்.

மேலே மிக உயரமாக மண் மேடு வருமா? அப்போது கான்கிரீட்டிலேயே தொட்டில் போலக் கட்டி, குழாயை அதில் கிடத்துவார்கள்.

புதைத்த குழாய் மேல் எவ்வளவு பாரம் விழும் என்ற கணக்கை அமெரிக்காவின் ஐயோவாவில் பேராசிரியர் ஆன்சன் மார்ஸ்டன் 1913-ல் வெளியிட்டார். அவருக்குப் பின் ஸ்பாங்லர் என்பவர் படுக்கையின் பலனை ஆராய்ந்தார். பள்ளம் தோண்டி வைக்கும் குழாயை மட்டமான தரையில் வைத்தால், சோதனைக்கூடத்தில் அது தாங்கிய பாரத்தைப் போல 1.1 மடங்குதான் தாங்கும். பாதி உயரம் வரை சரளையால் அணைத்து இறுக்கினால் 1.9 மடங்கு தாங்கும். குழாய் அதே குழாய்தான், படுக்கைதான் வேறு!

இனி சாலையோரம் குழாய் பதிப்பதைக் கண்டால், தள்ளி நின்று, அடியில் என்ன போடுகிறார்கள் என்று பாருங்கள். பள்ளத்தில் மட்டும் இறங்கக் கூடாது, மண் சரியும். மூடிய பிறகு அந்த அடித்தளத்தை யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனால், உங்கள் பள்ளிப் பேருந்தைத் தாங்கப் போவது அதுதான்!