மாத்திரை விழுங்கப் பயந்த ஊர்!

ஆப்பிரிக்காவிலுள்ள கேமரூன் நாட்டுக் காட்டோர கிராமங்களில் இரண்டு வித ஈக்கள் மனிதரைக் கடிக்கின்றன. ஆற்றோரக் கறுப்பு ஈ பரப்பும் புழு, பார்வையைப் பறிக்கும். காட்டு ஈ பரப்பும் "லோவா" புழுவோ, சில சமயம் விழியின் மீதே நெளிந்து ஓடும்!

குருட்டு நோய்க்கு "ஐவர்மெக்டின்" நல்ல மாத்திரை. 1987 முதல் இனாமாகவே கிடைக்கிறது. ஆனால் ரத்தத்தில் லோவா குஞ்சுகள் மிகுந்தவர் அதை விழுங்கினால், அவை கூண்டோடு மடியும்போது மூளை பாதிக்கப்படும். 1999-ல் ஒகோலா பகுதியில் சிலர் நினைவிழந்து மாண்டனர். பிறகு யார் விழுங்குவார்கள்?

2015-ல் செல்போனோடு வந்தார்கள். விரல் நுனியில் ஒரு துளி ரத்தம்; போனில் பொருத்திய கருவி, நெளியும் குஞ்சுகளைச் சில நிமிடத்தில் கணக்கிட்டுவிடும். பகலில்தான் சோதிக்க வேண்டும். இரவில் அவை ரத்தத்தில் தலைகாட்டுவதில்லை! 16,259 பேரைச் சோதித்தார்கள். லோவா மிகுந்திருந்த 340 பேருக்கும், கர்ப்பிணிகள் முதலானோருக்கும் மாத்திரை தரவில்லை. 15,522 பேர் விழுங்கினார்கள். ஒருவருக்கும் உயிராபத்து நேரவில்லை.