ஹைதராபாத் கோடை: சமைப்பதா, வெளியே சாப்பிடுவதா? இரண்டிலும் தில்லியின் பங்கு

புது தில்லி: ஹைதராபாதில் ஏப்ரல், மே மாதங்களில் வேலை முடிந்து மாலையில் வீடு திரும்பும் கணவன், மனைவியிடையே நாள்தோறும் எழும் கேள்வி ஒன்று உண்டு. அடுப்பைப் பற்றவைப்பதா, வெளியே சென்று சாப்பிட்டு வருவதா என்பதே அது. முற்றிலும் குடும்ப விவகாரமாகத் தோன்றும் இக்கேள்விக்குள் மத்திய நிதியமைச்சகம், ஜி.எஸ்.டி. கவுன்சில், எண்ணெய் நிறுவனங்கள், தில்லி உயர் நீதிமன்றம் ஆகிய அனைத்தும் கடந்த 15 ஆண்டுகளில் ஒவ்வொன்றாக நுழைந்துவிட்டன.

தக்காணப் பீடபூமியில் அமைந்த அந்நகரில் சென்னையைப் போல மாலையில் கடற்காற்று வருவதில்லை. 1966ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் தேதி 45.5 டிகிரி செல்சியஸ் பதிவானது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடுவது இன்று செய்தியே அல்ல. பகல் முழுவதும் சூடேறிய கான்கிரீட் கூரை இரவில் அந்தச் சூட்டை வீட்டுக்குள் இறக்குகிறது. ஹைடெக் சிட்டி, கச்சிபௌலி, குகட்பள்ளி பகுதிகளின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் படுக்கையறைக்கு ஏ.சி. உண்டு, சமையலறைக்கு அநேகமாக இல்லை. ஆகவே குளிர்சாதன வசதி கொண்ட உணவகத்தை நோக்கிக் கால்கள் செல்வது இயல்பே. அந்தக் குளிர்ச்சியைத்தான் அரசு முதலில் கவனித்தது.

குளிர்ந்த காற்றுக்கு வரி:

2011ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி மக்களவையில் நிதிநிலை அறிக்கையைத் தாக்கல் செய்த அப்போதைய நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி, குளிர்சாதன வசதியுடன் மது பரிமாறும் உரிமமும் பெற்ற உணவகங்களுக்குச் சேவை வரி விதித்தார். அவ்வாண்டு மே 1ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. வரி 10 சதவீதம் என்றாலும் தொகையில் 70 சதவீதம் கழிக்கப்பட்டதால், ரசீதில் ஏறியது ஏறத்தாழ 3 சதவீதம் மட்டுமே. மாநிலத்தின் மதிப்புக் கூட்டு வரி தனி.

இரண்டு ஆண்டுகள் கழித்து 2013ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் ப. சிதம்பரம் மது என்ற நிபந்தனையை நீக்கினார். மது பரிமாறும் ஏ.சி. உணவகம், பரிமாறாத ஏ.சி. உணவகம் என்ற வேறுபாடு செயற்கையானது என்பது அவரது வாதம். அவ்வாண்டு ஏப்ரல் 1 முதல் இட்லி, தோசை மட்டுமே விற்கும் சைவ உணவகமும் ஏ.சி. வைத்திருந்தால் வரி வட்டத்துக்குள் வந்தது. அரசாணையின் சொற்கள் இன்னும் சுவையானவை. உணவகத்தின் ஏதேனும் ஒரு பகுதியில், ஆண்டின் எந்தக் காலத்திலேனும் குளிர்சாதன வசதி இருந்தால் போதும் என்று அவை கூறின. மே மாத வெயிலுக்காகப் பொருத்தப்பட்ட இயந்திரம், மார்கழிக் குளிரில் அணைந்து கிடந்தபோதும் வரிக்குக் காரணமாயிற்று.

2017ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோதும் இந்தப் பாகுபாடு தொடர்ந்தது. ஏ.சி. இல்லாத உணவகத்துக்கு 12 சதவீதம், ஏ.சி. உணவகத்துக்கு 18 சதவீதம். இருவர் சேர்ந்து ரூ.600க்குச் சாப்பிட்டால் ஏ.சி. அறையில் வரி மட்டும் ரூ.108. எதிர்ப்பு வலுத்தது. குஜராத் சட்டப்பேரவைத் தேர்தல் நெருங்கிய வேளையில், நவம்பர் 10ஆம் தேதி அருண் ஜேட்லி தலைமையில் குவாஹாட்டியில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், பெரும் நட்சத்திர ஹோட்டல்கள் நீங்கலாக ஏனைய உணவகங்கள் அனைத்துக்கும் ஒரே விகிதமாக 5 சதவீதம் என முடிவெடுத்தது. நவம்பர் 15 முதல் அதே சாப்பாட்டுக்கு வரி ரூ.30 ஆனது. குளிர்ந்த காற்றின் மீதான ஆறு ஆண்டு கால வரி இவ்வாறு முடிவுக்கு வந்தது.

ஆனால் முழு நிம்மதி கிடைத்துவிடவில்லை. 5 சதவீதம் செலுத்தும் உணவகம், தான் வாங்கும் பொருள்களுக்கும் கட்டட வாடகைக்கும் செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. அந்தச் சுமை உணவுப் பட்டியலின் விலைக்குள் ஒளிந்துகொண்டது. வரி குறைந்த நாளிலேயே சில பெரிய சங்கிலித்தொடர் உணவகங்கள் அடிப்படை விலையை உயர்த்தியதாகப் புகார் எழுந்து, கொள்ளை லாபத் தடுப்பு ஆணையம் வரை சென்றது.

உணவின் மீதான ஜி.எஸ்.டி. எவ்வளவு சிக்கலானது என்பதைத் தமிழக வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பன்னுக்கு வரி இல்லை, அதனுள் கிரீம் வைத்தால் 18 சதவீதம் என்று கோவையில் 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் ஹோட்டல் உரிமையாளர் ஒருவர் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் முன்னிலையில் எடுத்துரைத்ததும், அதைத் தொடர்ந்த மன்னிப்பு விவகாரமும் நினைவிருக்கும். ஓராண்டு கழித்து, 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாற்றியமைக்கப்பட்டபோது பொட்டலப் பரோட்டாவுக்கும் சப்பாத்திக்கும் வரி நீங்கியது. வீட்டு ஏ.சி. இயந்திரத்தின் வரி 28இல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. உணவக விகிதம் மாறவில்லை.

ரசீதின் கடைசி வரி:

சாப்பிட்டு முடித்த தம்பதியின் கைக்கு வரும் ரசீதில் இன்னொரு தொகையும் இருக்கக்கூடும். அது சேவைக் கட்டணம். இது அரசுக்குச் செல்லும் வரி என்று எண்ணுவோர் பலர். உண்மையில் உணவகமே வைத்துக்கொள்ளும் தொகை அது. ரூ.600 சாப்பாட்டுக்கு 10 சதவீதச் சேவைக் கட்டணம் சேர்த்தால் ரூ.660; அந்த மொத்தத்தின் மீது 5 சதவீத ஜி.எஸ்.டி. ஏறும்போது ரூ.693. கட்டணம் இல்லையேல் ரூ.630 போதும்.

சேவைக் கட்டணத்தை ரசீதில் தானாகச் சேர்க்கக் கூடாது என மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4ஆம் தேதி வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. உணவகச் சங்கங்கள் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடி, அதே மாதத்தில் தடை பெற்றன. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழித்து, 2025 மார்ச் 28ஆம் தேதி நீதிபதி பிரதிபா எம். சிங் அந்த நெறிமுறைகள் செல்லும் எனத் தீர்ப்பளித்தார். மனுதாரர்களான இரு சங்கங்களுக்கும் தலா ரூ.1 லட்சம் செலவுத்தொகை விதித்தார். விரும்பினால் வாடிக்கையாளர் தாமாக அன்பளிப்புத் தரலாம். கட்டாயம் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். புகார் தெரிவிக்க 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உள்ளது.

ஹைதராபாத் உணவின் விலை தில்லி அரசியல்வாதிகளுக்கு அறிமுகமில்லாத ஒன்றல்ல. நாடாளுமன்ற உணவகத்தின் பழைய விலைப்பட்டியலில் ஹைதராபாதி சிக்கன் பிரியாணிக்கு ஒரு காலத்தில் ரூ.65 என்றிருந்தது. 2021 ஜனவரியில் மானியம் விலக்கிக்கொள்ளப்பட்டு, உணவகப் பொறுப்பு வடக்கு ரயில்வேயிடமிருந்து இந்திய சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்கு மாறியபோது சிக்கன் பிரியாணி ரூ.100 ஆனது. அந்த விலைக்கும் நகரத்து உணவகங்களின் விலைக்கும் உள்ள தூரத்தை உறுப்பினர்கள் அறியாதவர்கள் அல்லர்.

உணவகத்தின் பின்கட்டு:

குளிர்ந்த கூடத்துக்குப் பின்னால் கதவு ஒன்று உண்டு. அதற்கப்பால் உள்ள சமையலறை, வீட்டுச் சமையலறையைவிடப் பன்மடங்கு வெப்பம் கொண்டது. 2024ஆம் ஆண்டு கோடையில் தெலங்கானா உணவுப் பாதுகாப்புத் துறையின் சிறப்புக் குழுக்கள் ஹைதராபாதில் அந்தக் கதவுகளைத் திறந்தன. பெயர் பெற்ற உணவகங்களும் சோதனைக்குத் தப்பவில்லை. காலாவதியான பொருள்கள், மூடி வைக்கப்படாத உணவு, கரப்பான்பூச்சி நடமாட்டம் எனத் துறை வெளியிட்ட விவரங்கள் வார இறுதியில் வெளியே சாப்பிடும் குடும்பங்களைத் தயங்க வைத்தன.

அவ்வாண்டு அக்டோபரில் பஞ்சாரா ஹில்ஸ் பகுதியில் மோமோ வாங்கிச் சாப்பிட்ட பெண் ஒருவர் உயிரிழந்தார். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அதைத் தொடர்ந்து அக்டோபர் 30ஆம் தேதி, பச்சை முட்டையில் தயாரிக்கும் மயோனைஸுக்குத் தெலங்கானா அரசு ஓராண்டு தடை விதித்தது. தமிழக அரசும் 2025 ஏப்ரல் 8 முதல் இதேபோல் ஓராண்டுத் தடையைக் கொண்டுவந்தது. வெயில் காலத்தில் பச்சை முட்டை எவ்வளவு விரைவில் நஞ்சாகும் என்பதை வீட்டில் சமைப்பவர் அறிவார். நூறு பேருக்குச் சேர்த்துக் கலக்கி வைக்கும் இடத்தில் அந்த அறிவு இருந்தாலும் அவகாசம் இருப்பதில்லை.

நாடாளுமன்றம் 2006ஆம் ஆண்டே உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தை நிறைவேற்றியது. ரசீதில் 14 இலக்க உரிம எண்ணை அச்சிட வேண்டும் என்ற கட்டாயம் 2022 ஜனவரி 1 முதல்தான் வந்தது. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு மேசையில் அமர்பவர் எத்தனை பேர் என்பது வேறு.

வீட்டு அடுப்பு:

அப்படியானால் வீட்டிலேயே சமைக்கலாமே என்பது எளிய யோசனை. தெலங்கானாவின் பழைய சமையலே கோடையை எண்ணி அமைந்தது. புளியைக் கரைத்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டு, தாளிப்புக்கு மட்டும் அடுப்பைத் தேடும் பச்சி புலுசு கொதிக்க வைக்காத ரசம். சோளக்கூழ், தயிர்சோறு, மாங்காய்ப் பருப்பு, நுங்கு என மெனக்கெடாத உணவுகளே வெயில் காலத்துக்கு உரியவை. மாங்காய் வரத்து மிகும் மே மாதத்தில் ஆவக்காய் போட்டு வைத்துவிட்டால், ஆண்டு முழுவதும் குழம்பு இல்லாத இரவுகளைச் சமாளிக்கலாம். காய்கறிக்கு ரைத்து பஜார்கள் உள்ளன. சந்திரபாபு நாயுடு ஆட்சியில் 1999 ஜனவரியில் அவை தொடங்கின. தமிழகத்தில் கருணாநிதி அரசு உழவர் சந்தைகளைத் தொடங்கியது அதே ஆண்டு நவம்பரில்.

சமையல் எரிவாயு விலையோ தில்லியின் அரசியல் நாள்காட்டியைப் பின்பற்றுகிறது. மக்களவைத் தேர்தலுக்கு முன் 2024 மார்ச் 8ஆம் தேதி, மகளிர் தினத்தன்று சிலிண்டருக்கு ரூ.100 குறைக்கப்பட்டது. 2025 ஏப்ரல் 8ஆம் தேதி ரூ.50 உயர்த்தப்பட்டது. தெலங்கானாவில் ரேவந்த் ரெட்டி அரசு 2024 பிப்ரவரி 27ஆம் தேதி தொடங்கிய ரூ.500 சிலிண்டர் திட்டம் ரேஷன் அட்டை பெற்ற ஏழைக் குடும்பங்களுக்கானது; மாதச் சம்பளக்காரத் தம்பதிக்கு அதில் இடமில்லை.

எரிவாயுவின் விலை தெரிகிறது. அடுப்பின் முன் நிற்பவரின் நேரத்துக்கு விலை போடுவார் இல்லை. மத்திய புள்ளியியல் அமைச்சகம் 2024ஆம் ஆண்டு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடங்களும், ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுகின்றனர். 2019இல் இவை 299, 97 ஆக இருந்தன. பெண்களின் சுமை 10 நிமிடம் குறைந்தது உண்மை. ஆண்கள் கொடுத்துவந்த நேரமும் 9 நிமிடம் குறைந்திருக்கிறது. ஆண்கள் கைகொடுத்ததால் பெண்களின் நேரம் மிச்சமானது என்று இதைக் கொள்ள முடியாது. "இன்று வீட்டிலேயே சாப்பிடலாம்" என்று கணவர் சொல்லும்போது, அதை யார் சமைப்பது என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. 2025 ஏப்ரலில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்த தெலங்கானா, அதனால் உயிரிழப்போர் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் நிவாரணம் என்றது. பேரிடர்ப் பட்டியலில் இடம்பெற்ற அந்த வெப்பத்தோடு அடுப்பின் வெப்பமும் சேர்ந்த இடமே மாலை நேரச் சமையலறை.

நகரம் கண்ட நடுவழி:

வரிக்கும் வெயிலுக்கும் இடையே ஹைதராபாத் தானாக ஒரு வழியைக் கண்டுபிடித்தது. அதன் பெயர் 'கர்ரி பாயிண்ட்'. அமீர்பேட்டை, தில்சுக்நகர், குகட்பள்ளி எனக் குடியிருப்புகள் நெருங்கிய பகுதிகளில், உட்கார நாற்காலி இல்லாத சிறு கடைகள் அவை. பருப்பு, புளிச்சக்கீரைக் கூட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, வெண்டைக்காய் வறுவல், சாம்பார், பச்சடி எனப் பெரிய பாத்திரங்களில் வரிசையாக இருக்கும். அளந்து பொட்டலமாகக் கட்டித் தருவார்கள். சோறு மட்டும் வீட்டில். அதுவும் மின்சாரக் குக்கரில். மாணவர்களும் தனியாக வசிப்போரும் இக்கடைகளை நம்பி வாழ்கின்றனர். இருவரும் வேலைக்குச் செல்லும் தம்பதிகளும், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க வீட்டில் தனித்திருக்கும் முதியோரும் இன்று முக்கிய வாடிக்கையாளர்கள்.

ஆண்டு வருவாய் ரூ.20 லட்சத்தைத் தாண்டாத கடைக்கு ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. சேவைக் கட்டணம் என்ற பேச்சும் எழாது. ஆனால் உணவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். சிறு வியாபாரிகளும் பதிவு செய்தாக வேண்டும். கொதிக்கும் சாம்பாரை மெல்லிய பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கட்டுவதுதான் இங்குள்ள பெரிய குறை. தமிழகத்தில் உணவுப் பொட்டலத்துக்கான பிளாஸ்டிக் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. அங்கும் அது முழுமையாக ஒழிந்துவிடவில்லை என்பதை எந்த ஊர் இரவுக் கடையிலும் காணலாம். தூக்குப் பாத்திரம் எடுத்துச் செல்வோருக்கு இந்தக் கவலை இல்லை.

கர்ரி பாயிண்ட் வரை வர இயலாதவர்களுக்கு மாநகராட்சியின் ரூ.5 சாப்பாடு உள்ளது. சென்னையில் ஜெயலலிதா 2013 பிப்ரவரியில் அம்மா உணவகங்களைத் தொடங்கிய மறு ஆண்டு, ஹைதராபாதில் அன்னபூர்ணா என்ற பெயரில் வந்த இத்திட்டம் 2025இல் இந்திரம்மா கேண்டீன் எனப் பெயர் மாறியது. பெயர் மாறினாலும் மதிய உணவின் விலை ரூ.5 ஆகவே நீடித்தது குறிப்பிடத்தக்கது.

இவை எல்லாவற்றையும் அரசு எப்படிக் கணக்கிடுகிறது? குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, நகர்ப்புறக் குடும்பங்களின் மொத்தச் செலவில் பானங்கள், சிற்றுண்டி, தயாரித்த உணவு ஆகியவற்றின் பங்கு 2011-12இல் 8.98 சதவீதமாக இருந்து 2023-24இல் 11.09 சதவீதமாக உயர்ந்துள்ளது. உணவுச் செலவில் தானியம், பால், காய்கறி ஆகிய எதையும்விட இதுவே பெரிய பங்கு. கர்ரி பாயிண்டில் வாங்கிய பருப்பு இந்தத் தலைப்பில் சேரும். குக்கரில் வெந்த சோறு தானியம் என்ற தலைப்பில் சேரும். தம்பதி இருவரும் ஒரே தட்டில் பிசைந்து உண்பது, தில்லிக் கணக்கேட்டில் இரண்டு பத்திகளில் பதிவாகிறது.